பட்டாசு ஆலை விபத்து: 'போலீசார் வழக்குப்பதிவு'... அதுக்கப்புறம் கேஸ் என்ன ஆகுது? நீங்களே பார்ப்பது எப்படி?

'சாத்தூர் அருகே பட்டாசு ஆலையில் வெடி விபத்து. போர்மேன் கைது. தலைமறைவான உரிமையாளருக்கு போலீசார் வலைவீச்சு.' இப்படி ஒரு செய்தியை நீங்க எத்தனை முறை படிச்சிருப்பீங்க? விருதுநகர் மாவட்டத்தில் இருந்து வருஷத்துக்குப் பல தடவை வருது. முதல் நாள் பலி எண்ணிக்கை, இரண்டாம் நாள் நிவாரணத் தொகை, மூன்றாம் நாள் இறுதிச்சடங்கு. அதோட செய்தி நின்னுடும். ஆனா வழக்கு அப்போதான் ஆரம்பிக்குது.

அந்த வழக்குல யாருக்காவது தண்டனை கிடைச்சதா? ஆலை மறுபடி திறந்ததா? பெரும்பாலானவர்களுக்குப் பதில் தெரியாது. பல நேரம் இறந்தவரோட குடும்பத்துக்கே தெரியறதில்லை.

நாடு முழுக்க நிலைமை எப்படி இருக்குன்னு புரிஞ்சுக்க ஒரே ஒரு கணக்கு போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு 2022-ல் வெளியான மத்திய அரசின் புள்ளிவிவரப்படி, 2018 முதல் 2020 வரையிலான 3 ஆண்டுகளில் பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் 3,331 பேர் இறந்திருக்காங்க. அதே காலகட்டத்தில் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் சிறைக்குப் போனவர்கள் 14 பேர். இது பதிவு பெற்ற ஆலைகளின் கணக்கு மட்டும். வீட்டுத் திண்ணையில் திரி திரிக்கிறப்போ வெடிச்சது, லைசென்ஸ் இல்லாத ஷெட்ல வெடிச்சது இதுக்குள்ள வராது.

ஒரு விபத்து, இரண்டு வழக்கு

முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது இதுதான். ஆலையில் ஒருத்தர் இறந்தா பொதுவாக இரண்டு தனித்தனி கிரிமினல் வழக்குகள் வரும்.

ஒண்ணு, போலீஸ் வழக்கு. எஃப்.ஐ.ஆர்., கைது, குற்றப்பத்திரிகை, விசாரணைன்னு நமக்குப் பழக்கமான பாதை.

இன்னொண்ணு, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் போடும் வழக்கு. பழைய பெயர் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகம். இன்னைக்கும் ஆலைக்காரங்க 'பேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ்'னுதான் சொல்றாங்க. இதுல எஃப்.ஐ.ஆர். கிடையாது. அதிகாரி நேரடியா நீதிமன்றத்தில் புகார் மனு தாக்கல் செய்வார். அதனால போலீஸ் ஸ்டேஷன்ல போய் எவ்வளவு விசாரிச்சாலும் இந்த வழக்கைப் பற்றி அங்கே ஒரு தாளும் இருக்காது. செய்தியாளர்களே கூட இந்த இரண்டாவது வழக்கை விட்டுடுறது உண்டு.

இந்த இரண்டாவது வழக்குக்கு ஒரு கெடு இருக்கு. 2025 நவம்பர் 21-க்கு முன் நடந்த விபத்துன்னா, 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 106-வது பிரிவுப்படி, விதிமீறல் ஆய்வாளருக்குத் தெரியவந்த நாளில் இருந்து 3 மாதத்துக்குள் புகார் தாக்கல் ஆகணும். எழுத்துப்பூர்வ உத்தரவை மீறியிருந்தா 6 மாதம். கெடு தாண்டினா நீதிமன்றம் வழக்கை எடுக்காது. 105-வது பிரிவுப்படி ஆய்வாளரோ அவருடைய எழுத்துப்பூர்வ முன் அனுமதி பெற்றவரோதான் இந்தப் புகாரைக் கொடுக்க முடியும். குடும்பத்தினர் தாங்களாகவே போய் இந்தச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. அதனாலதான் விபத்து நடந்த முதல் சில மாதம் ரொம்ப முக்கியம். 'உங்க துறை புகார் தாக்கல் பண்ணிடுச்சா?'ன்னு கேட்க வேண்டிய நேரம் அது.

எஃப்.ஐ.ஆர்.ல எந்தப் பிரிவுன்னு பாருங்க

வழக்கு எவ்வளவு தூரம் போகும்ங்கிறதை முதல் நாளே காட்டிக் கொடுக்கிறது பிரிவு எண்தான்.

பலர் இறந்த பெரிய வெடி விபத்தில் பொதுவாக உடனே எஃப்.ஐ.ஆர். வந்துடும். ஆனா மெஷின்ல சிக்கி ஒரே ஒருத்தர் இறந்தா? பல சமயம் 'சந்தேக மரணம்'னு மட்டும் பதிவாகும். இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தில் 194-வது பிரிவு, பழைய சட்டத்தில் 174. இது குற்ற வழக்கே இல்லை, மரணத்துக்கான காரணத்தை விசாரிப்பது மட்டும்தான். பிறகு யாரோட அலட்சியம்னு தெரியவந்தா போலீசார் பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பணும். மாற்றலைன்னா 'விபத்து'ன்னு சொல்லி கோப்பு மூடப்படும். குற்றவாளின்னு யாருமே இருக்க மாட்டாங்க. இறந்தவரின் குடும்பம் முதல்ல கேட்க வேண்டிய கேள்வி 'யாரைக் கைது பண்ணீங்க'ன்னு இல்லை, 'எந்தப் பிரிவு போட்டிருக்கீங்க'ன்னுதான்.

அடுத்த படி, அலட்சியத்தால் மரணம் விளைவித்தல். பாரதிய நியாய சன்ஹிதா 106(1). அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த விபத்துன்னா பழைய இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ, அதுல அதிகபட்சம் 2 ஆண்டுதான். இரண்டுமே ஜாமீனில் விடக்கூடிய குற்றம். 'கைது'ன்னு டிவியில் ஓடுற அன்னைக்கே வெளியே வந்துட முடியும்.

அதுக்கு மேல, கொலையாகாத மரணம். புதிய சட்டத்தில் 105, பழையதில் 304. 'சாவு நடக்க வாய்ப்பிருக்குன்னு தெரிஞ்சே செஞ்சாங்க'ன்னு அரசுத் தரப்பு நிரூபிக்கணும். தெரிஞ்சே செய்ததற்கு 10 ஆண்டு வரை சிறை. வழக்கு மாஜிஸ்திரேட்கிட்ட நிக்காம செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும்.

பட்டாசு ஆலைன்னா கூடவே வெடிபொருள் சட்டங்களும் சேரும். வெடிபொருளை அலட்சியமாகக் கையாண்டதற்கான 288-வது பிரிவுக்கு (பழையது 286) அதிகபட்சம் 6 மாதம்தான். 1908-ம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டத்தின் 3-வது பிரிவோ ஆயுள் தண்டனை வரை போகும். ஆனா அதுல விசாரணை நடக்க மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் வேணும். குற்றப்பத்திரிகை தயார், ஒப்புதல் வரலைன்னு கோப்பு காத்துக்கிடக்க முடியும். எங்கே நிக்குதுன்னு விசாரிக்கிறப்போ இந்தக் கேள்வியை மறந்துடாதீங்க.

எஃப்.ஐ.ஆர். நகலை எப்படி வாங்குவது?

புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசமாகக் கொடுக்கணும், அது சட்டம். சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பினா அதை எஃப்.ஐ.ஆர்.னு நினைச்சுக்காதீங்க. அது புகார் வந்ததுக்கான ரசீது மட்டும்தான்.

மற்றவர்களும் பார்க்கலாம். பாலியல் குற்றம், தீவிரவாதம் மாதிரி உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றணும்னு 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கு. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவை இணையதளத்தில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, எண் கொடுத்துத் தேடலாம். கிடைச்சதும் மூணு விஷயத்தைக் குறிச்சு வைங்க: காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு. இனிமே எல்லாத்துக்கும் இதுதான் சாவி.

இன்னொரு உரிமையும் உண்டு. புதிய சட்டத்தின் 193(3) பிரிவுப்படி, விசாரணை எந்த நிலையில் இருக்குன்னு 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீசார் தெரிவிக்கணும். யாரும் சொல்லலைன்னா 91-வது நாள் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்க.

இ-கோர்ட்ஸ் ஆப்ல தேடுவது எப்படி?

குற்றப்பத்திரிகை நீதிமன்றத்தில் எண் வாங்கினதும் வழக்கு உங்க போனுக்கே வந்துடும். இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் ஆப் இலவசம். அதுல மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்வு செஞ்சு 'எஃப்.ஐ.ஆர். எண்' மூலமா தேடுங்க. வளாகத்தைச் சரியாகத் தேர்வு செய்யணும். சிவகாசி, சாத்தூர்ல மாஜிஸ்திரேட் கோர்ட் இருந்தாலும், விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். செஷன்ஸ் வழக்கை சிவகாசி பக்கத்தில் தேடி 'இல்லை'ன்னு முடிவு பண்ணிடாதீங்க.

வழக்கு கிடைச்சதும் 16 இலக்க சி.என்.ஆர். எண் வரும், 'டி.என்.' எழுத்துகளில் ஆரம்பிக்கும். இதை ஆப்ல சேமிச்சு வெச்சா ஒவ்வொரு வாய்தா தேதியும் தெரியும்.

வழக்கு எண்ணுக்கு முன்னாடி இருக்கிற சுருக்கத்தையும் கவனிங்க. சி.சி.ன்னா மாஜிஸ்திரேட் விசாரிக்கிறார். பி.ஆர்.சி.ன்னா செஷன்ஸுக்கு அனுப்ப வேண்டிய வழக்கு, இன்னும் அனுப்பலைன்னு அர்த்தம். அங்கேயே வருஷக்கணக்கில் நிக்கிற வழக்குகள் உண்டு. குற்றம்சாட்டப்பட்டவர் எல்லாரும் ஆஜராகி நகல் வாங்கினாதான் அடுத்த கட்டம். எஸ்.சி.ன்னா செஷன்ஸுக்கு வந்தாச்சு.

தேடியும் கிடைக்கலையா? மூணு காரணம் இருக்கலாம். ஆப்ல 'நிலுவை'ன்னு தேர்வு செஞ்சிருப்பீங்க, வழக்கு ஏற்கெனவே முடிஞ்சிருக்கும். 'முடிந்தவை'யை அழுத்திப் பாருங்க. அல்லது குற்றப்பத்திரிகையே இன்னும் தாக்கல் ஆகியிருக்காது. மூணாவது, வழக்குப் பிரிப்பு. 5 பேர்ல ஒருத்தர் தலைமறைவுன்னா அவரை மட்டும் தனியாகப் பிரிச்சு புது எண் போடுவாங்க. தலைமறைவானவர் உரிமையாளரா இருந்தா, போர்மேன் மீதான வழக்கு முடிஞ்சு 'தீர்ப்பு வந்தாச்சு'ன்னு திரையில் காட்டும். முக்கியமானவர் மேல இருக்கிற வழக்கு வேற எண்ல பிடிவாரண்டு கட்டத்தில் தூங்கிட்டிருக்கும்.

தொழிலகப் பாதுகாப்புத் துறை போட்ட வழக்குக்கு எஃப்.ஐ.ஆர். எண் இல்லைன்னு சொன்னோமே, அதைத் தேட வேறு வழி வேணும். 'கட்சிக்காரர் பெயர்' பகுதியில் புகார்தாரர் இடத்தில் அந்தத் துறையின் துணை இயக்குநர் அல்லது இணை இயக்குநர்னு பதவிப் பெயர் இருக்கும். எதிரி இடத்தில் ஆலையின் பெயரைவிட உரிமையாளர் பெயர், மேலாளர் பெயர் கொடுத்துத் தேடினா சீக்கிரம் சிக்கும். இந்த வகை வழக்குகள் பல மாவட்டங்களில் தலைமை ஜுடிஷியல் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நடக்குது.

வாய்தா திடீர்னு நின்னுட்டா உயர் நீதிமன்றப் பக்கம் பாருங்க. வழக்கை ரத்து செய்யக் கோரி அங்கே மனு போட்டிருக்கலாம். 'ஒரே சம்பவத்துக்கு போலீஸ் ஒரு வழக்கு, தொழிற்சாலை ஆய்வாளர் ஒரு வழக்கா?'ன்னு கேட்டுப் போறவங்களும் உண்டு. விருதுநகர் மாவட்ட மனுக்கள் மதுரைக் கிளைக்குப் போகும், கிரிமினல் ஓ.பி.ன்னு எண் வரும், பக்கத்தில் மதுரைன்னு குறிப்பிட 'எம்.டி.' சேரும். அங்கே இடைக்காலத் தடை இருந்தா கீழ் நீதிமன்றத்தில் ஒண்ணும் நகராது.

எதிரி யார்? போர்மேனா, முதலாளியா?

வழக்கின் உயிரே இங்கேதான் இருக்கு. பட்டாசுத் தொழில்ல லைசென்ஸ் ஒருத்தர் பெயர்ல இருக்கும். உள்ளே இருக்கிற அறைகளை நாலஞ்சு பேருக்கு உள்குத்தகைக்கு விட்டிருப்பாங்க. இது சட்டப்படி கூடாது, ஆனா சிவகாசி வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் தெரியும். விதிப்படி ஒரு உற்பத்தி அறையில் 4 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. குத்தகைக்காரருக்கோ சீசனுக்குள் சரக்கு எடுக்கணும், அதனால ஆட்களை அடைச்சு உட்கார வைப்பார், மரத்தடியிலும் வேலை நடக்கும். வெடிச்ச பிறகு லைசென்ஸ்தாரர், 'நான் குத்தகைக்கு விட்டுட்டேன், எனக்குத் தெரியாது'ன்னு சொல்வார். குத்தகைக்காரர், 'லைசென்ஸ் என் பேர்ல இல்லையே'ன்னு சொல்வார். மிச்சம் இருக்கிறது மாசச் சம்பளத்துக்கு வேலை பார்த்த போர்மேன்.

தொழிற்சாலைகள் சட்டம் இந்த விளையாட்டுக்கு ஓரளவு முட்டுக்கட்டை போட்டிருந்தது. ஆலையின் இறுதிக் கட்டுப்பாடு யார் கையில் இருக்கோ அவர்தான் பொறுப்பாளி. சட்ட மொழியில் 'ஆக்குபயர்'. கம்பெனின்னா இயக்குநர்களில் ஒருத்தர்தான் அந்த இடத்தில் நிக்கணும், சம்பளத்துக்கு இருக்கிற அதிகாரியைக் காட்டித் தப்ப முடியாதுன்னு 1987-ல் திருத்தம் வந்தது. 1996-ல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செஞ்சது.

அந்தத் திருத்தத்துக்குப் பின்னாடி இருந்தது போபால். 1984 டிசம்பர் விஷவாயுக் கசிவு வழக்கில் முதல்ல கொலையாகாத மரணம்னு, 10 ஆண்டு தண்டனை தரக்கூடிய பிரிவு இருந்தது. 1996 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை 304-ஏ ஆகக் குறைச்சது. 2010 ஜூன் 7-ந் தேதி தீர்ப்பு: 7 இந்திய அதிகாரிகளுக்கு 2 ஆண்டு சிறை, அன்னைக்கே ஜாமீன். ஆயிரக்கணக்கானோர் செத்த வழக்கில் அந்தப் பிரிவு அனுமதிச்ச உச்சபட்ச சிறைத் தண்டனையே அவ்வளவுதான். யூனியன் கார்பைடு தலைவர் வாரன் ஆண்டர்சன் கடைசி வரை இந்திய நீதிமன்றத்தில் நிற்கவே இல்லை. 2014-ல் அமெரிக்காவில் இறந்தார். பிரிவு எண்ணைப் பாருங்கன்னு மேலே அவ்வளவு அழுத்திச் சொன்னதுக்குக் காரணம் இதுதான்.

அதனால குற்றப்பத்திரிகை நகலில் ஏ-1 யாருன்னு பாருங்க. லைசென்ஸ்தாரர் பெயர் இருக்கா, குத்தகைக்காரர் பெயர் இருக்கா, ரெண்டு பேரும் விடுபட்டிருக்காங்களா?

நஷ்டஈடு வாங்கினா கேஸ் முடிஞ்சுதா?

இல்லை. முதலமைச்சர் நிவாரணம், ஆலை தரப்பு கொடுக்கிற காசோலை, இ.எஸ்.ஐ., தொழிலாளர் இழப்பீடாக வரும் தொகை எல்லாமே தனிப் பாதை. அலட்சிய மரண வழக்கைப் பணம் கொடுத்து சமரசம் பண்ணிக்க சட்டத்தில் இடமில்லை. 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தப்போ தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரிச்சது. அதுவும் இழப்பீடு, ஒழுங்குமுறை சம்பந்தப்பட்டது. பசுமைத் தீர்ப்பாயம் யாரையும் இந்த மரணங்களுக்காக சிறைக்கு அனுப்பாது.

ஆனா நடைமுறை வேற. காசோலை வாங்குறப்போ ஏதோ ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குவாங்க. சாட்சிகள் எல்லாரும் அதே ஊர், அதே ஆலையையோ பக்கத்து ஆலையையோ நம்பிப் பிழைக்கிறவங்க. 5 வருஷம் கழிச்சு கூண்டில் ஏறி, 'நான் அன்னைக்கு வேலைக்கே போகலை'ன்னு சொல்லிட்டா அவர் பிறழ் சாட்சி. அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, அடுத்த நாள் கூலிக்கு அவர் அங்கேதான் போகணும். சாட்சி பிறழ்ந்தாலும் நிக்கக்கூடியது காகிதம்தான்: வருகைப் பதிவேடு, லைசென்ஸ் நிபந்தனை, தடய அறிவியல் அறிக்கை, தொழிலகப் பாதுகாப்பு அதிகாரியின் ஆய்வறிக்கை.

அந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, 30 நாளில் பதில் தரணும். ஆலையின் பெயர், விபத்து தேதி குறிப்பிட்டு, கடைசியாக ஆய்வு செய்த தேதி, கண்ட விதிமீறல்கள், நீதிமன்றத்தில் தாக்கல் செய்த புகாரின் எண், முடிவுன்னு தனித்தனியாகக் கேளுங்க. லைசென்ஸ் விவரத்துக்கு அது யார் கொடுத்ததுன்னு பார்த்து அனுப்பணும். டி.ஆர்.ஓ. லைசென்ஸ்னா கலெக்டர் அலுவலகம்; சிவகாசிக்காரங்க 'நாக்பூர் லைசென்ஸ்'னு சொல்றது மத்திய அரசின் வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறை கொடுப்பது. 'விசாரணை நடக்குது, தர முடியாது'ன்னு 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுத்தா விட்டுடாதீங்க. விசாரணை நடக்குதுங்கிறது மட்டுமே காரணம் ஆகாது, தகவல் கொடுத்தா விசாரணை எப்படிப் பாதிக்கும்னு சொல்லணும்னு 2007-ல் பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. மேல்முறையீட்டில் இதைக் குறிப்பிடலாம்.

புதிய தொழிலாளர் சட்டத்தில் என்ன மாற்றம்?

2025 நவம்பர் 21 முதல் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் பணிப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்திருக்கு. அதுக்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டம்தான்.

பழைய சட்டத்தில் பாதுகாப்பு விதிமீறலால் மரணம்னா 2 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும்; அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாம, அதிகபட்சம் 1 லட்சம். அபாயகரமான தயாரிப்பு முறைகளுக்கு மட்டும் 96-ஏ பிரிவில் 7 ஆண்டு வரை. புதிய சட்டத்தில் மரணத்துக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் குறைந்தது பாதியை இறந்தவரின் வாரிசுகளுக்குக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். இது வரவேற்க வேண்டிய மாற்றம். 'அல்லது' என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் கவனிச்சுக்குங்க.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் பணிப் பாதுகாப்பு ஆணையம், தண்டனை பெற்ற நிறுவனங்களின் பட்டியலை இணையத்தில் வெச்சிருக்கு. நிறுவனத்தின் பெயர் அடிச்சா எந்த விதியை மீறினாங்க, எந்தக் கோர்ட், எவ்வளவு அபராதம் எல்லாம் வரும். 2016 பிப்ரவரி முதல் அங்கே அபராதமே நிறுவனத்தின் ஆண்டு வருவாயைப் பார்த்துத்தான் நிர்ணயம். அமெரிக்காவிலும் நிறுவனப் பெயரைக் கொடுத்து ஆய்வு விவரங்களைத் தேடலாம். ஆனா வேண்டுமென்றே விதியை மீறி ஒரு தொழிலாளி இறந்தாலும் முதல் முறைக்கு அங்கே உச்சபட்சம் 6 மாதச் சிறைதான். நம்ம ஊர்ல தகவல் இல்லாம இல்லை. போலீஸ்ல ஒரு துண்டு, கோர்ட்ல ஒரு துண்டு, தொழிலகப் பாதுகாப்புத் துறையில் ஒரு துண்டுன்னு சிதறிக் கிடக்கு.

தீர்ப்பு விடுதலைன்னு வந்தா?

பாதிக்கப்பட்டவரின் வாரிசுகள் தாங்களே மேல்முறையீடு செய்யலாம். அரசு செய்யட்டும்னு காத்திருக்க வேண்டாம், தனி அனுமதியும் வேண்டாம்னு 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. விசாரணை நடக்கும்போதே அரசு வழக்கறிஞருக்கு உதவ நீதிமன்ற அனுமதியோட சொந்த வக்கீல் வெச்சுக்கவும் முடியும். வசதி இல்லாதவங்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். அதன் அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். போகும்போது எஃப்.ஐ.ஆர். நகல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, சி.என்.ஆர். எண் எழுதின தாள் நாலையும் எடுத்துட்டுப் போங்க.